முப்பத்திரண்டு வேண்டாம்

முப்பத்திரண்டு கம்பிகள் அடங்கிய செட்,
கறுப்புத் தோலுறை, பதினான்கு தினார்.
பகலெல்லாம் முப்பத்திரண்டை எண்ணுகிறவளுக்கு
இரவிலுமா?

குதைபியாவில் ஒரு பல் கிளினிக்.
காறை சுரண்டுவது என் வேலை.
கண் போகாத இடத்தில்
கம்பி நுனி சொல்வதைக் கேட்கத் தெரியும்:
இது வழவழப்பு, இது சொரசொரப்பு,
இங்கே தொட்டால் கத்துவார்.
பூட்டு கத்தாது.
முதலில் பிடித்தது அதுதான்.

வியாழன் இரவுகளில் போனை மூக்கருகே வைத்துக்கொண்டு
ஒவ்வொரு நுனியாகப் பார்த்தேன்.
குட்டைக் கொக்கி, நெட்டைக் கொக்கி,
அரை வைரம், பாம்பு,
இரண்டு திமில் வைத்த ஒன்று.
ஆறு வருஷமாக பஹ்ரைனில் இருக்கிறேன்,
இரண்டு திமில் ஒட்டகத்தை
இங்கே ஒருநாளும் கண்டதில்லை.

அறைத்தோழி மரிசெலிடம்
முகத்துக்கென்று இருபத்துநான்கு தூரிகைகள்.
ஈரம் காயாமல் இருப்பவை எப்போதும் இரண்டே.
அதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்.

குட்டைக் கொக்கி ஒன்று.
அரை வைரம் ஒன்று.
கனம், அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே;
அதைவிட மெலிந்தால் வளையும்,
தடித்தால் துவாரத்துக்குள் திரும்ப இடமிருக்காது.
பிடியில் ரப்பர் வேண்டவே வேண்டாம்.
ரப்பர் நடுவில் நின்று பொய் சொல்லும்.

மூன்றாவதை வாங்கவில்லை.
முறுக்கிப் பிடிக்கும் அந்தக் கம்பிதான்
பாதி வேலை என்கிறார்கள்.
செட்டோடு தருவதோ
சாவித் துவாரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடும் தடியன்.

கிளினிக் வேனுக்கு சஜ்ஜாத் வைப்பர் மாற்றிக்கொண்டிருந்தான்.
இங்கே மழையே கிடையாது,
ரப்பர் மட்டும் வெயிலில் பொரிந்து உதிரும்.
அதைக் கிழித்தால் உள்ளே இரண்டு எஃகுப் பட்டைகள்,
ஒரு துளி நீரும் படாத மினுக்கோடு.
“எதற்கு மேடம்?”
சொன்னேன்.
“என் அலமாரிப் பூட்டில் பழகுங்களேன்.”
அது அவன் பூட்டுதான், அவனே தருகிறான்தான்.
ஆனால் ராத்திரி அதை நம்பித்தானே தூங்குகிறான்.
நாங்களும் முதல் மூன்று மாதம்
பிளாஸ்டர் வாய்களில்தான் சுரண்டினோம்.

பார்சலை சுங்கத்தில் பிரித்துவிட்டார்கள்.
மீசை இப்போதுதான் விண்ணப்பம் போட்டிருக்கும் வயசுப் பையன்
இரண்டு கம்பிகளையும் டியூப் லைட்டில் காட்டிப் பார்த்தான்,
பிறகு என் கழுத்து அட்டையை.
“அஸ்னான்?”
பல்லுக்கா என்கிறான்.

பேருந்தில் வரும்போதே ஒத்திகை பார்த்த பதில் இருந்தது:
பொழுதுபோக்கு, என் சொந்தப் பூட்டு, வேறெதையும் தொடமாட்டேன்.
வாய் வரவில்லை.
தலையை ஆட்டினேன்,
ஆம் என்றும் இல்லை என்றும் நம் ஆட்கள் ஆட்டுவோமே, அது.
“யல்லா” என்று முத்திரை குத்தினான்.

இவ்வளவு சுலபமா?
படியிறங்கும்போது உறுத்தியது.
திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம்.
போகவில்லை.

பாக்கர் இக்கா கடையில் பித்தளைப் பூட்டு,
ஒன்றரை தினார், இரண்டு சாவி.
“எதைப் பூட்ட?”
“ஒன்றையும் இல்லை.”
அவர் சில்லறையை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.

சாவிகள் சர்க்கரை டப்பாவுக்குள் போயின.
வைப்பர் பட்டையின் நுனியை
அடுப்பில் சிவக்கக் காட்டி வளைத்தேன்.
பதினோரு இரவு.
இடுக்கில் பிடித்த பூட்டின் மேல்
ஒரு விரல், ஒரு விரலின் பாதி, அதற்கும் குறைவு.
அழுத்தினால் எல்லாம் இறுகிக்கொள்ளும்,
விட்டால் எல்லாம் விழுந்துவிடும்.
நான்காவது பின்
பயந்த ஆளின் கடைவாய் மாதிரி
கிட்டவே விடவில்லை.

ஒன்று பத்துக்குத் திறந்தது.
மரிசெலின் குறட்டைகூட மாறவில்லை.
வளையம் துள்ளி எழுந்து நின்றது,
எந்தக் கதவையும் விடவில்லை, எதையும் காட்டவில்லை.
சிரிப்பு வந்தது. உடனே அமுக்கிப் பூட்டினேன்.

சனிக்கிழமை ஒரு நோயாளி
வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னாள்:
“இந்தத் தடவை வலிக்கவே இல்லை.
புது மருந்தா?”

தலையை ஆட்டினேன்.